வீடு போய்ச் சேருமுன் வந்த பணம்

ஒரு நாள் நள்ளிரவுக்கு மேல் நண்பன் கூப்பிட்டான். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, உட்காரவும் முடியவில்லை படுக்கவும் முடியவில்லை என்றான். காரை எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவமனையில் சேர்த்து, மருந்து ஏறி, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும்வரை இருவரும் வராந்தாவிலேயே நின்றோம். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. விடியும் நேரத்தில் நான் கிளம்பினேன். பாதி வழியில் சிக்னலில் நிற்கும்போது போன் ஒலித்தது. அப்பாவுக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்துப் பார்த்தேன். பணம் வந்திருந்தது. அவன்தான் அனுப்பியிருந்தான். குறிப்பில் ‘பெட்ரோல், பார்க்கிங்’ என்று எழுதி, பக்கத்தில் கும்பிடும் கைகள். ரவுண்டான தொகையாகக்கூட இல்லை. பார்க்கிங் சீட்டில் இருந்ததைக் கடைசி இலக்கம் வரை சேர்த்திருந்தான்.

அவன் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திருப்பிக் கொடுக்கிறவனைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? நண்பர்கள் வட்டத்தில் பேச்சு அடிபடுவதெல்லாம் கொடுக்காதவர்களைப் பற்றித்தான். பில் வரும் நேரம் பார்த்துக் கைகழுவப் போகிறவர், ‘அனுப்பிட்டேனே, வரலையா?’ என்று கேட்கிறவர், அப்புறம் அந்தப் பக்கம், ஒன்றுமில்லாத செலவுக்கு மறுநாள் காலையிலேயே நினைவூட்டல் தட்டிவிடுகிறவர். அவர்களைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. என்னை உறுத்தியவன் அவர்களுக்கு நேர் எதிர். பணம் வராமலே போயிருந்தால் அந்தப் பெட்ரோல் எனக்கு நினைவுக்கே வந்திருக்காது. வந்ததால்தான், வாடகைக் கார் ஓட்டியை அனுப்பிவைக்கிற மாதிரி என்னை அனுப்பிவிட்டானே என்று தோன்றியது. திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. மாதக்கணக்கில் அது அப்படியே கிடந்தது.

பணப்பையை மறந்து வந்த நண்பர்

அமெரிக்காவில் நண்பர்களுக்குள் போனிலேயே பணம் அனுப்பிக்கொள்ள உதவும் வென்மோ செயலி பிறந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆண்ட்ரூ கோர்டினாவும் இக்ரம் மேக்டன்-இஸ்மாயிலும் கல்லூரியில் ஒரே அறையில் தங்கியவர்கள். ஒருமுறை ஒருவரைப் பார்க்கப் போன மற்றவர் பணப்பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். செலவையெல்லாம் நண்பர் பார்த்துக்கொண்டார், பிறகு காசோலை எழுதிக் கணக்குத் தீர்த்தார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்குக் காசோலையா, போனிலேயே அனுப்ப முடியாதா என்று யோசித்ததிலிருந்து 2009-இல் அந்த நிறுவனம் தொடங்கியது. எனக்கு இந்தக் கதையில் பிடிபடாத இடம் ஒன்று உண்டு. ஒரே அறையில் வருடக்கணக்கில் இருந்த இருவருக்குள் ‘சரி, அடுத்த தடவை நீ பார்த்துக்கோ’ என்று விட்டிருக்கலாம். அந்த அடுத்த தடவை என்பது இன்னொரு சந்திப்புக்கு முன்கூட்டியே போட்டுவைத்த உறுதி. காசோலை எழுதிய கணத்தில் அந்த உறுதிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அதற்குப் பிறகு உலகம் முழுவதும் இதே வழியில்தான் போனது. சுவீடனில் 2012-இல் ஸ்விஷ், நெதர்லாந்தில் 2016-இல் டிக்கி, அதே ஆண்டில் இந்தியாவில் யுபிஐ, பிரேசிலில் 2020-இல் பிக்ஸ். ஒவ்வொன்றும் அமைப்பில் வேறு வேறு. நண்பர்களுக்குள் அவை செய்த காரியம் ஒன்றே: பணம் அனுப்புவதில் இருந்த சிரமத்தை எடுத்துவிட்டன. இதில் நாம் சரியாகக் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தச் சிரமம் நமக்காக நிறைய வேலை பார்த்துக்கொண்டிருந்தது. சில்லறை இல்லை, நோட்டு பெரிதாக இருக்கிறது, யார் என்ன வாங்கினார்கள் என்று நினைவில்லை, விடு அப்புறம் பார்த்துக்கலாம். யாரும் தாராள மனதோடு முடிவெடுத்துச் செய்ததில்லை அது. சோம்பலும் மறதியுமே பாதி. ஆனாலும் அதன் பலன் தாராளம்தான். இப்போது அந்த மறைப்பு போய்விட்டது. அனுப்ப நாலு நொடி ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அனுப்பாமல் இருப்பது ஒரு செயலாகிவிட்டது, கேட்பது ஒரு செயலாகிவிட்டது, கேட்காமல் விடுவதும் ஒரு செயலாகிவிட்டது. முன்பு தானாக நடந்தவற்றுக்கெல்லாம் இப்போது ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

வென்மோவில் இன்னொரு பிரச்சினையும் சேர்ந்தது. யார் யாருக்கு எதற்காக அனுப்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்படிதான் அது இயல்பாகவே அமைந்திருந்தது. முன்பின் தெரியாதவர்களின் பரிமாற்றங்களும் ஓடிக்கொண்டிருந்த பொதுப் பட்டியலை 2021-இல்தான் எடுத்தார்கள். நம்மை விட்டுவிட்டு மற்றவர்கள் ஒன்றாகப் போய்வந்தது ஒரு கணக்கு வரியின் மூலம் தெரியவரும்போது மனசு என்ன பாடுபடும் என்று விளக்க வேண்டியதில்லை.

கடைசி இலக்கம் வரை

என் மனக்குறைக்கு ஏதாவது நியாயம் இருக்கிறதா, அல்லது வீண் ரோஷமா என்று தெரிந்துகொள்ளத் தேடியபோது, 1979-இல் மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. ஒருவர் இன்னொருவருக்கு உதவுகிறார். உதவி பெற்றவர் கையோடு பதிலுக்கு ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். உதவியவர் அந்த மனிதரோடு நெருக்கத்தை எதிர்பார்த்திருந்தால், இந்த உடனடிக் கைமாறு அவர் மேல் இருந்த பிடித்தத்தைக் குறைத்தது. வெறும் கொடுக்கல் வாங்கல் உறவை எதிர்பார்த்தவர்களிடம் அதே கைமாறு பிடித்தத்தைக் கூட்டியது. சிக்னலில் நின்றபோது எனக்கு நேர்ந்தது இதுதான் என்று உடனே புரிந்தது. பணம் கையில் வரும்போது, நாம் எந்த வகை உறவில் இருக்கிறோம் என்கிற செய்தியும் சேர்ந்தே வருகிறது.

இலக்கத்துக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. டாமி கிம், டிங் ஜாங், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், அற்ப விவரங்களில் கறாராக இருப்பது உறவுகளை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். 5 டாலர் பரிசு அட்டையைவிட 5.15 டாலர் அட்டை மதிப்பு கூடியது. இருந்தும் மக்களுக்கு 5.15 பிடிக்கவில்லை. கூடுதலாகக் கிடைக்கிறது என்பதைவிட, எதிராளி உட்கார்ந்து எண்ணியிருக்கிறார் என்பதுதான் மனதில் தைக்கிறது. செயலிகளுக்கு இது புரிவதில்லை. மூன்றால் வகுத்தால் வருகிற தசமத்தைக் கூசாமல் காட்டுகின்றன. மனிதர்கள் வாயால் சொல்லும்போது தாங்களே ஒரு முழுத் தொகைக்கு ஏற்றியோ இறக்கியோ சொல்லிவிடுவார்கள்.

மானுடவியலாளர் லாரா பொஹானன் 1940-களின் இறுதியில் நைஜீரியாவின் டிவ் மக்களிடையே வாழப் போனார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருப்பி என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது: பதிலுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதே மதிப்புக்குக் கொடுத்துவிடக் கூடாது. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்க வேண்டும். சரியாகக் கொடுத்துவிட்டால் உன்னோடு எனக்கு இனி வேலையில்லை என்று பொருள். இதைப் படித்தபோது எனக்கு எழுந்து உட்கார வேண்டும் போல் இருந்தது. நமக்குள்ளும் இதே அறிவு இருக்கிறதே, யாரும் விதியாகச் சொல்லாததால் செயலியின் முன்னால் அது தோற்றுப்போகிறது.

அப்புறம் கடனைச் சுருக்கும் வசதி. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். செலவு பகிரும் செயலிகள் பலவற்றில் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய ஸ்பிளிட்வைஸில்கூட உண்டு. நான் உனக்குத் தர வேண்டும், நீ அவளுக்குத் தர வேண்டும் என்றால், நடுவில் உன்னை எடுத்துவிட்டு என்னை நேரே அவளுக்குக் கொடுக்கச் சொல்லும். குழுவில் ஐந்து பேர் என்றால், எத்தனை குறுக்கும் நெடுக்குமான பாக்கிகள் இருந்தாலும் நான்கு பரிமாற்றங்களுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். கணக்குப்படி அப்பழுக்கில்லாத வழி. ஒரு பயணம் முடிந்து திரும்பியபோது எங்கள் குழுவில் இதுதான் நடந்தது. பயணத்தில் எனக்காகச் செலவழித்தவன் வேறு ஒருவன். இரண்டு தடவை என் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்தவன், என் பை பிய்ந்தபோது கடைகடையாக அலைந்து புதிதாக ஒன்று வாங்கிவந்தவன். கடைசியில் திரையைப் பார்த்தால் அவன் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவே ஒரு கோடும் இல்லை. எனக்காக எதுவும் செலவழிக்காத ஒருத்திக்கு நான் பணம் அனுப்ப வேண்டும் என்று காட்டியது. அனுப்பினேன். அவளுக்கும் எதற்கென்று தெரியாது, கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினாள். பை வாங்கிவந்தவனிடம் ‘இந்தாடா’ என்று சொல்லவும், ‘வச்சுக்கோடா’ என்று அவன் தள்ளவும், நான் சட்டைப் பையில் திணிக்கவும் இருந்த அந்த ஒரு நிமிடம் நடக்கவே இல்லை. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதை எடுத்துவிட்டு, மொத்தத்தில் யார் கொடுப்பவர் யார் பெறுபவர் என்பதை மட்டும் அது வைத்துக்கொள்கிறது. நட்பில் முதலாவதுதான் எல்லாமே.

அந்த இரவின் பட்டியல்

இவ்வளவும் சேர்ந்து எனக்கு ஒரு திடமான கருத்து உருவாகியிருந்தது. அதோடு ஒருநாள் அவனிடமே கேட்டுவிட்டேன். அப்பா தேறி வீட்டுக்கு வந்து வெகுநாளாகியிருந்தது. ‘அன்னிக்கு ஏன்டா அப்படி உடனே அனுப்பின? நான் கேட்டேனா?’ என்றேன். முதலில் சிரித்து மழுப்பினான். நான் விடவில்லை.

அவன் படித்த காலத்தில் பெரியப்பா ஒருவர் கட்டணம் கட்டியிருக்கிறார். நல்ல மனிதர்தான் என்றான். ஆனால் நாலு பேர் கூடும் இடத்தில் எப்படியாவது அந்தப் பேச்சு வந்துவிடுமாம். இவன் நன்றாக உடுத்தி வந்தால் வரும், வேலை மாறினால் வரும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கண்டிப்பாக வரும். கடைசியில் வேலைக்குப் போய் முழுவதையும் கொடுத்த பிறகும், ‘பணத்தைக் கொடுத்துட்டா ஆச்சா’ என்று சொல்லிக்காட்டுவது நிற்கவில்லை. ‘நீ சொல்லிக்காட்ட மாட்டேன்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் உள்ள ஒரு பயம் இருக்கு. கணக்கு முடிஞ்சிருந்தாத்தான் எனக்கு அடுத்த தடவை உன்னைக் கூப்பிட முடியும்’ என்றான். கொஞ்ச நேரம் கழித்து, ‘அன்னிக்குக்கூட கூப்பிடறதுக்கு முன்னாடி, டிரிப் பாக்கி உனக்கு ஒண்ணு இருந்துச்சு, அதைக் கட்டிட்டுத்தான் போன் பண்ணேன்’ என்றான்.

எனக்கு நம்ப முடியவில்லை. போனை எடுத்து அந்த இரவின் பட்டியலைத் தேடினேன். இருந்தது. அவன் அழைப்புக்குச் சில நிமிடங்களுக்கு முன், நான் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பயணக் கணக்கின் பாக்கி வந்திருந்தது. ஒரு பக்கம் அப்பா மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, இவன் செயலியைத் திறந்து, தொகையைச் சரிபார்த்து, அனுப்பிவிட்டு, பிறகுதான் என் எண்ணை அழுத்தியிருக்கிறான். அந்த வரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். டிவ் மக்களின் வழியில், சரியாகக் கொடுப்பது உறவை முடிப்பதற்கு. இவனுக்கோ மறுபடி கதவைத் தட்டும் தைரியத்துக்கு அதுதான் விலை. அந்தச் செயலி இல்லாவிட்டால், ‘பாக்கியை வைத்துக்கொண்டு எப்படிக் கூப்பிடுவது’ என்று தயங்கி, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று இருந்திருப்பானோ என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நண்பர்களுக்குள் என்ன கணக்கு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒரு வசதி வேண்டியிருக்கிறது. பணவசதி மட்டும் இல்லை, இதுவரை யாரும் நம்மைச் சொல்லிக்காட்டாத வசதி. எழுதாமல் விட்டால் கணக்கு மறைந்துவிடுவதில்லை, அது ஆட்களின் நினைவுக்குப் போகிறது. நினைவு நியாயமானதும் இல்லை. மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி இருவரும் 1979-இல் தம்பதிகளிடம் வீட்டு வேலைகளில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவ்வளவுதான். நட்பிலும் ஆளுக்கு ஆள் தான்தான் அதிகம் செய்ததாக உண்மையாகவே நம்பிக்கொண்டிருப்போம். எங்கள் குழுவில் ஒரு தோழி வெளியே வருவதையே ஒரு காலத்தில் குறைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சமமாகப் பிரிப்போம், அவள் எடுத்துக்கொள்வது குறைவு, சம்பளமும் குறைவு. சமமாகப் பிரித்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே மனிதர்கள் வாங்குவார்கள் என்பதை யூரி க்னீசி குழுவினர் 2004-இல் ஒரு சோதனையில் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கூடுதலை அவள் சுமந்துகொண்டிருந்தாள், வாய்திறந்து சொல்லவும் கூச்சம். அவரவர் எடுத்ததை அவரவர் பெயரில் எழுதுகிற செயலி வந்த பிறகுதான் மறுபடி எங்களோடு வர ஆரம்பித்தாள். இதை நான் மறக்கக் கூடாது.

ஆனாலும் என் பழைய கருத்தின் ஒரு பாதியை நான் விடுவதாக இல்லை. விலைச்சீட்டு உள்ளவை மட்டும்தான் செயலிக்குள் நுழைய முடியும். அந்த இரவில் பெட்ரோலுக்கு எண் இருந்தது, பார்க்கிங்குக்குச் சீட்டு இருந்தது. வராந்தாவில் நின்றதற்குச் சீட்டு இல்லை. எண் உள்ளதை மட்டும் தீர்த்துவிட்டு எல்லாம் தீர்ந்ததாக நினைக்கப் பழகினால், மிச்சத்தைப் பார்க்கவே மறந்துவிடுவோம். வள்ளுவர் பழைமை என்ற அதிகாரத்தில், நண்பர் கேட்காமலே உரிமையோடு ஒன்றைச் செய்துவிட்டால் அதை விரும்பி ஏற்பார்கள் என்கிறார். அந்த உரிமை வர, பின்னால் இது பேச்சாக வராது என்ற நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயத்தைத் தர வேண்டியவர் கொடுக்கிற பக்கத்தில் இருப்பவர்தான். செய்ததைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது அதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு, தானும் போய்க் கேட்பது.

கேட்டேன். வீடு மாறும்போது ஒரு முழு நாள் வந்து கூட நிற்க முடியுமா என்று அவனைக் கேட்டேன். ஆட்களை வைத்தே முடித்திருக்கலாம். அவன் வந்தான், சொந்தக் காசில் கயிறும் அட்டைப் பெட்டிகளும் வாங்கிக்கொண்டு வந்தான், இரவுவரை இருந்தான். அவன் போன பிறகு என் விரல் தானாகவே போனுக்குப் போனது. பெட்டிகளுக்காவது அனுப்பிவிடலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. அனுப்பாமல் இருப்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்தான் அவனுடைய பயத்தின் எடை கொஞ்சமாவது தெரிந்தது. அனுப்பவில்லை. இன்றுவரை அது அப்படியே நிற்கிறது, அவனும் கேட்கவில்லை. எனக்காக ஒன்றைச் செய்ய முடிந்ததில் அவன் முகத்தில் ஒரு நிமிர்வு வந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த பயணத்துக்குக் குழு போட்டிருக்கிறோம். கடனைச் சுருக்கும் வசதியை அணைத்துவிட்டோம், யாருக்குத் தர வேண்டுமோ அவருக்கே தருவது என்று. இயந்திரம் அனுப்பும் நினைவூட்டல் வேண்டாம், கேட்க வேண்டுமென்றால் கூப்பிட்டுக் கேட்கலாம். இரண்டுக்கும் எல்லோரும் சம்மதம். சின்னச் செலவுகளை எழுதவே வேண்டாம் என்று நான் சொன்னதில்தான் சிக்கல். நண்பன் முடியாது என்றான், அது எதிர்பார்த்ததுதான். தோழி அதைவிட நல்ல கேள்வியைக் கேட்டாள்: ‘சின்னதுன்னா எது? அதை யார் முடிவு பண்றது?’ எனக்குச் சின்னதாக இருப்பது அவளுக்கு ஒரு நாள் முழுக்க மனதில் நிற்கிற தொகையாக இருக்கலாம். அதனால் அந்த எல்லையை அவளையே சொல்லச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து ஒரு தொகை சொன்னாள். நான் மனதில் வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. அதற்குக் கீழே உள்ளதை யாரும் எழுதுவதில்லை, மேலே உள்ளதைத் தவறாமல் எழுதுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். நண்பன் இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.